வெளுத்த வாகன உட்பாகங்களுக்கு ஸ்பிரே மூலம் நிறமூட்டல்: திருகோணமலைக் காலநிலைக்கேற்ற வழிமுறை

திருகோணமலையில் சில வருடங்கள் கூரையில்லாத இடத்தில் நின்று ஓடிய எந்த வானின் கதவைத் திறந்து பார்த்தாலும் உள்ளே ஒரே வகையான தேய்மானம்தான் தென்படும். முன் கண்ணாடியை ஒட்டிய டாஷ்போர்ட் விளிம்பு வெளுத்திருக்கும். வெளிர்சாம்பல் நிறத் தூண் மறைப்புகளில் மஞ்சள் பாய்ந்திருக்கும். சாரதியின் முழங்கை படும் கதவுப் பலகையின் பொறிவரிகளுக்குள் அழுக்கேறிக் கறுத்திருக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலோரம் நிறுத்தப்படும் வாகனங்களில் இவற்றுடன் உப்புப் படிவும் சேர்ந்துகொள்ளும். இந்தப் பாகங்களில் பெரும்பாலானவற்றை மாற்றத் தேவையில்லை. பிளாஸ்டிக்குக்கும் வினைலுக்கும் உரியதென்று விற்கப்படும் நிற ஸ்பிரேயைக் கொண்டு வீட்டு முற்றத்திலேயே சீர்செய்துவிடலாம்.

இதைப் பொறுமையாகக் கற்றுக்கொள்வதற்கு இப்போது நல்ல காரணமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது; அனுமதி வந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலை பலருக்கு எட்டாததாகவே இருக்கிறது. எனவே பழைய டொல்பின் வானையும் அல்டோவையும் கொரோலாவையும் இன்னும் பல வருடங்கள் பேணவேண்டிய நிலையில்தான் பலரும் இருக்கிறோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் அலைந்து பழைய பாகமொன்றைத் தேடிக் கொண்டுவந்தாலும், அதுவும் வேறொரு வாகனத்தில் வேறொரு அளவுக்கு வெளுத்ததாகவே இருக்கும் என்பதால், நிறம் ஒத்துப்போவது அரிது.

இந்த ஸ்பிரே டின்னுக்குள் நெகிழும் தன்மையுள்ள பிசினும் நிறத்துகளும் வலிமையான கரைப்பானும் இருக்கின்றன. கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை மிகச் சிறிதளவு இளக்க, பிசின் அதில் பற்றிக்கொண்டு மெல்லிய படையாகக் காய்கிறது. படை மெல்லியதாக இருப்பதால் பிளாஸ்டிக்கில் பொறிக்கப்பட்ட தோல் வரிகள் மூடப்படுவதில்லை. வினைல் வளையும்போது படையும் சேர்ந்து வளைகிறது. வெளிப்பாகத்துக்கான சாதாரண பெயின்ற்றை வினைலில் பூசினால் சில மாதங்களில் வெடித்து உரிவதற்குக் காரணம், அதற்கு இந்த நெகிழ்ச்சி இல்லாததுதான். மேற்பரப்பில் பற்றினால் மட்டுமே நிற்கும் பூச்சு இது என்பதால், வேலை நிலைக்குமா உரியுமா என்பது டின்னை அழுத்துவதற்கு முன்பே, கழுவும் இடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. நேரத்தில் பெரும்பகுதியைக் கழுவுவதற்கு ஒதுக்கத் தயாராக இல்லாதவர் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

எதற்குப் பூசலாம், எதற்குப் பூசக்கூடாது

கதவுப் பலகைகள், தூண் மறைப்புகள், கியர் பெட்டியைச் சூழ்ந்த கொன்சோல், கையுறைப் பெட்டியின் மூடி, வினைல் சீற்றின் பக்கங்கள், வினைல் கூரைவிரிப்பு ஆகியவை இந்த முறைக்கு மிகவும் ஏற்றவை. துணிச் சீற்றுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நூலிழைகள் ஒட்டிக்கொண்டு துணி விறைத்து, தொடுகையில் சொரசொரப்பாகிவிடும். அதற்குக் குஷன் வேலை செய்பவரிடம் புது உறை தைப்பதே முறை. உண்மைத் தோலுக்கு அதற்கென்றே நீரை அடிப்படையாகக் கொண்ட நிறங்கள் உண்டு.

சீற் பெல்ற்றின் நாடாவில் ஒரு துளியும் படக்கூடாது. கரைப்பான் நாடாவின் இழைகளைப் பலவீனப்படுத்தலாம் என்பதால் இது அழகுக்கான எச்சரிக்கை அன்று, உயிருக்கான எச்சரிக்கை. அதேபோல் எயார்பேக் மூடிகளிலும் பூச வேண்டாம். ஸ்டியரிங்கின் நடுப்பகுதியும், பயணிக்கு முன்னுள்ள டாஷ்போர்டின் மூடியும், பக்கத்திரை எயார்பேக் உள்ள வாகனங்களில் எஸ்ஆர்எஸ் என்று பொறிக்கப்பட்ட தூண் மறைப்புகளும், குறித்த கோட்டில் கிழிந்தோ விலகியோ எயார்பேக்குக்கு வழிவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்தக் கோட்டின் மேல் படிந்த பூச்சு, திறக்கும் விதத்தை மாற்றவும் துண்டாகப் பறக்கவும் இடமுண்டு. ஸ்டியரிங் வளையம் நாள்தோறும் வியர்வைக் கை படும் இடமாதலால், அதில் பூச்சு நெடுநாள் நிற்காது.

வெடிப்பை இந்த ஸ்பிரே மறைக்காது. மாறாக, சீரான நிறத்தில் வெடிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். வெடிப்பை முதலில் ஒட்டி நிரப்பிவிட வேண்டும். கடும் நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்குப் போவதும் எளிதன்று. கறுப்புக் கதவுப் பலகையை வெண்சாம்பலாக்க முயன்றால் பல படைகள் தேவைப்படும், ஒரு கீறல் விழுந்தால் உள்ளிருக்கும் கறுப்பு வெளியே தெரியும். இருந்த நிறத்தையே மீட்பது, அல்லது அதைவிடச் சற்றுக் கடும் நிறத்துக்குப் போவது என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

பிளாஸ்டிக்கை இனங்காணல்

பாகத்தைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தால், பின்புறத்தில் சிறிய எழுத்துகளில் அதன் வகை பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் கரைப்பானை நன்றாக ஏற்கும்; ஸ்பிரே நேரடியாகவே பற்றும். பிவிசி என்பது வினைல், அதுவும் ஏற்கும். பிபி என்றோ, பிபியுடன் ஒரு கோடிட்டு டி20 போன்ற எண்ணுடனோ இருந்தால் அது பொலிபுரொப்பிலீன். எண் அதில் கலந்துள்ள டல்க் என்ற கனிமத் தூளின் வீதத்தைக் குறிக்கும். ஜப்பானிய வாகனங்களின் கீழ்ப்பகுதி மறைப்புகளில் பெரும்பாலும் இதைத்தான் காண்கிறோம். பொலிபுரொப்பிலீன் எதையும் எளிதில் ஒட்டவிடாத பிளாஸ்டிக். அதற்குப் பெயின்ற் கடைகளில் பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டு வாங்கும், ஒட்டுதலைக் கூட்டும் நிறமற்ற பூச்சை முதலில் இடாவிட்டால், எவ்வளவு கழுவியிருந்தாலும் நிறம் நகத்தால் சுரண்டும்போது தோலாக உரிந்து வரும்.

எழுத்து அழிந்திருந்தால், பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்திலிருந்து ஒரு சிறு சீவலை வெட்டி, சவர்க்காரம் சிறிது கலந்த நீரில் அமிழ்த்தி விடுங்கள். பொலிபுரொப்பிலீன் நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் மேலே மிதந்து வரும். ஏபிஎஸ்ஸும் பிவிசியும் அடியில் தங்கும். டல்க் அதிகம் கலந்த பிபி சில வேளை அமிழ்ந்துவிடும் என்பதால், ஐயம் இருந்தால் பிரைமர் இடுவதே பாதுகாப்பானது.

இந்தச் சோதனை வெடிப்பை ஒட்டுவதற்கும் உதவும். ஏபிஎஸ் சீவல்களை அசிற்றோனில் ஊறவைத்தால் பசையாகக் கரையும். அந்தப் பசையால் ஏபிஎஸ் வெடிப்பை நிரப்பி, நன்றாகக் காய்ந்தபின் தேய்த்துச் சமப்படுத்தலாம். பிபி அசிற்றோனில் கரையாது. அதைச் சூடாக்கித்தான் ஒட்டவேண்டும்.

கழற்றுதல்

வாகனத்துக்குள்ளேயே வைத்து மறைத்துப் பூசுவதைவிடக் கழற்றி வெளியே கொண்டுவந்து பூசுவது எவ்வளவோ மேல். கழற்றுவதற்கு முன் பற்றரியின் மறை (−) முனையைக் கழற்றிவிட்டு, எயார்பேக் மின்சுற்றிலுள்ள மின்னேற்றம் இறங்கும்வரை காத்திருங்கள். டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகள் குறைந்தது 90 விநாடிகள் என்று கூறுகின்றன. கதவுப் பலகையில் கைப்பிடிக் குழிக்குள்ளும் திறப்புக் கைப்பிடியின் பின்னும் திருகாணிகள் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்தபின்பே, கீழ் மூலையிலிருந்து பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்கவேண்டும். பல வருட வெயிலில் காய்ந்த கிளிப்புகள் எளிதில் முறியும் என்பதால், மாற்றுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். பலகைக்குப் பின்னால் கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்க வேண்டாம். மாரி காலத்தில் கதவுக்குள் இறங்கும் நீர் வாகனத்துக்குள் வராமல் தடுப்பது அதுதான்.

நிறத்தைப் பொருத்த, வெயில் படாத ஒரு பகுதியை மாதிரியாக எடுங்கள். தூண் மறைப்பின் மற்றொரு பாகத்துக்குள் செருகியிருந்த விளிம்பு தொழிற்சாலை நிறத்திலேயே இருக்கும். டொயோட்டா வாகனங்களில் எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் சி/டிஆர் என்ற வரியைப் பாருங்கள். அதில் சாய்கோட்டுக்கு முன்னுள்ளது வெளிநிறத்தின் குறியீடு, பின்னுள்ளது உட்பாகத்தின் குறியீடு. வேண்டிய டின்களை எல்லாம் ஒரே தடவையில், ஒரே தொகுதி எண்ணில் வாங்கிவிடுவது நல்லது. பளபளப்பற்ற வகையையே கேளுங்கள். டாஷ்போர்டின் மேற்பகுதி மின்னினால் அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து, பகல் வெயிலில் வீதியை மறைக்கும்.

கழுவுதல்

உட்பாகங்களில் மூன்று வகை அழுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. மேலே புழுதியும் உப்பும். அதன் கீழே கை எண்ணெயும் வியர்வையும். எல்லாவற்றுக்கும் அடியில், பல வருடங்களாகச் சேர்விஸ் ஸ்டேஷன்களில் பூசப்பட்ட டாஷ்போர்ட் பொலிஷ். இந்தப் பொலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. ஒவ்வோர் அழுக்குக்கும் ஒவ்வொரு கழுவல் வேண்டும், அதுவும் இந்த ஒழுங்கிலேயே.

முதலில் நல்ல தண்ணீரை ஓடவிட்டு உப்பையும் புழுதியையும் நீக்குங்கள். அடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கரைத்து, மென்மையான பிரஷால் பொறிவரிகளுக்குள் வட்டமாகத் தேய்க்கவேண்டும். நுரை முதலில் பழுப்பாக வரும். அது வெண்மையாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மூன்றாவதாக, சாம்பல் நிற ஸ்கொட்ச் பிரைட் என்ற மென்மையான தேய்ப்பு நாரைச் சவர்க்கார நீரில் நனைத்து முழுப் பரப்பையும் மெதுவாகத் தேய்த்து அதன் மினுக்கத்தை நீக்குங்கள். சமையலறைப் பச்சை நாரும் உலர்ந்த வோட்டர் பேப்பரும் (நீருடன் தேய்க்கும் மணல்தாள்) பொறிவரிகளை அழித்துவிடும். அழிந்த வரியை எந்த ஸ்பிரேயும் திருப்பித் தராது. ஆழமான கீறல் உள்ள இடத்தில் மட்டும் 600 இலக்க வோட்டர் பேப்பரை நீருடன் பயன்படுத்தலாம்.

இப்போது பலகையைச் சாய்த்து நீரை ஊற்றிக் கூர்ந்து பாருங்கள். ஏபிஎஸ்ஸோ வினைலோ சுத்தமாக இருந்தால், நீர் ஒரே விரிப்பாகப் பரப்பெங்கும் படர்ந்து மெல்ல வடியும். பொலிஷ் மிஞ்சிய இடத்தில் அந்த விரிப்பு கிழிந்து, வாழையிலையில் விழுந்த நீர்போல் முத்துமுத்தாகத் திரளும். முழங்கை படும் இடத்திலும் கண்ணாடி ஏறி இறங்கும் விளிம்பிலும்தான் இந்த முத்துகள் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அவை தெரியும்வரை கழுவல் முடியவில்லை. பொலிபுரொப்பிலீன் இயல்பாகவே நீரை ஏற்காத பொருள் என்பதால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது. அதை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வராததைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

முற்றாகக் காய்ந்தபின், பெயின்ற் கடையில் கிடைக்கும் மெழுகு, கிறீஸ் நீக்கியை ஒரு துணியில் எடுத்துத் துடைத்து, அது உலர்வதற்குள் மற்றொரு சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். ஒரே துணியால் முன்னும் பின்னும் துடைத்தால், எடுத்த எண்ணெயைத் திரும்பப் பூசுவதாகவே முடியும். கடைசித் துடைப்புக்கு ஐசோபுரொப்பைல் அல்கஹோல் சிறந்தது. பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால் அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஏபிஎஸ் பாகத்தைத் தின்னரால் துடைப்பதும் கூடாது. மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்து, பின்னர் மயிரிழை வெடிப்புகள் விழும். கிணற்று நீரால் கழுவியிருந்தால் காய்ந்தபின் வெண்புள்ளிகள் தங்கும். அவையும் இந்தத் துடைப்பில் போகவேண்டும். இதன்பின் வெறுங்கை படக்கூடாது.

சுவிட்சுகளைச் சுற்றியும் ரேடியோவைச் சுற்றியும் விரலில் ஒட்டும் பிசுக்கு, அழுக்கு அன்று. மென்தொடுகைக்காகத் தொழிற்சாலையில் பூசப்பட்ட பொலியூரித்தேன் படை, நம் ஊரின் ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் சிதைந்து இளகியதே அது. அதன்மேல் எதைப் பூசினாலும் நிற்காது. ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த துணியை அதன்மேல் சிறிது நேரம் போட்டுவைத்து, இளகியதும் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள். அடியில் கடினமான பிளாஸ்டிக் வெளிப்பட்டபின்பே நிறமூட்டலாம்.

நாளும் வேளையும்

கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்புக் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராவி படிந்து, நிறத்தின்மேல் வெண்பனிபோன்ற மங்கல் தோன்றும். ஆகையால் வாடை பெயர்ந்து மழை பொழியும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்த வேலையைத் தள்ளிவைப்பதே நல்லது. செய்தே ஆகவேண்டுமானால் மழை விட்டு வெயில் தெளிந்த நாளைப் பார்த்துச் செய்யுங்கள். சிறிய டிஜிற்றல் ஈரமானி ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது 70 வீதத்துக்குக் கீழே காட்டும்போது தொடங்கினால் கவலையில்லை, 85 வீதத்தைத் தாண்டினால் டின்னைக் கையிலெடுக்க வேண்டாம்.

கச்சான் என்ற தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் சிக்கல் தலைகீழானது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் அந்தச் சூட்டுக் காற்றில், துளிகள் பலகையை அடைவதற்கு முன்பே காய்ந்து, தூளாகப் படிந்து சொரசொரப்பாகும். புழுதியும் கூடவே வந்து ஒட்டும். எனவே அந்த மாதங்களில் பனி காய்ந்த முற்பகல் வேளையைத் தெரிவுசெய்து, மூன்று பக்கம் மறைப்புள்ள, ஒரு பக்கம் திறந்த தாழ்வாரத்தில் பூசுங்கள். நிலத்துக்கு அரை மணி நேரம் முன்பு சிறிது தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும். பாகம் நிழலிலேயே இருக்கவேண்டும்; வெயிலில் சூடேறிய பலகையில் பூசினால் கச்சானில் நேரும் அதே கேடுதான் நேரும்.

பூசுதல்

டின்னில் உள்ள வாயு எளிதில் தீப்பிடிக்கும்; அடுப்போ சிகரெட்டோ அருகில் இருக்கக்கூடாது. கொவிட் காலத்து முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி பொருத்திய, இரசாயன ஆவிக்கான கவசமே வேண்டும். நைற்றைல் இறப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள்.

டின்னை இளஞ்சூட்டு நீரில் சில நிமிடங்கள் வைத்து, உள்ளே குண்டு உருளும் ஓசை கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடங்களாவது குலுக்குங்கள். பொலிபுரொப்பிலீனாயின் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிய படையாக இட்டு, அதன் டின்னில் குறித்த நேரத்துக்குள் நிறத்தைத் தொடங்கவேண்டும். ஏதாவது ஒரு மறைவிடத்தில் முதலில் பரீட்சித்து, காய்ந்தபின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம்.

டின்னைப் பலகையிலிருந்து 20 முதல் 25 சென்றிமீற்றர் தூரத்தில் பிடித்து, பலகைக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் குறுக்காகக் கொண்டுசென்று, மறுபக்கம் தாண்டியபின் விரலை எடுங்கள். மணிக்கட்டை வளைக்காமல் தோளிலிருந்து கையை நகர்த்தினால் தூரம் மாறாது. குழிகளையும் விளிம்புகளையும் முதலில் முடித்து, பின்பு பரந்த பகுதிக்கு வாருங்கள். முதற்படை பரப்பை மூடக்கூடாது. பழைய நிறம் பாதிக்கு மேல் தெரியும்படி மெல்லிய தூவலாகவே இருக்கவேண்டும். அடுத்த படைகள் வழுக்காமல் பிடிக்கத் தளம் தருவது இந்தத் தூவல்தான். பொறுமையிழந்து முதலிலேயே நிரப்பினால் நிறம் பொறிவரிகளுக்குள் தேங்கி, மேடுகள் வெளுத்துத் தெரியும். பத்து நிமிடம் விட்டு இரண்டாம் படையை முதலாவதற்குக் குறுக்குத் திசையில், ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூடும்படி இடுங்கள். பெரும்பாலும் மூன்றாம் படையில் நிறம் நிறைந்துவிடும். நான்காவதற்குப் பின்னும் பழைய நிறம் தெரிந்தால் தவறு நிறத் தெரிவில் இருக்கிறது.

பூசிக்கொண்டிருக்கும்போதே சிறு வட்டங்களாக நிறம் விலகி, நடுவில் அடித்தளம் கண்போல் தெரிந்தால் அது சிலிக்கோன். அதன்மேல் மேலும் அடித்து மூட முயலாதீர்கள். நிறுத்தி, காயவிட்டு, அந்தப் பகுதியைத் தேய்த்து மீண்டும் கழுவலிலிருந்து தொடங்குங்கள். வெண்மங்கல் தோன்றினால் ஈரம் குறைந்த வேளைவரை காத்திருந்து மெல்லிய ஒரு தூவல் இட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சொரசொரப்பானால் சாம்பல் ஸ்கொட்ச் பிரைட்டால் மெதுவாகத் தடவி, இன்னொரு படை இடலாம்.

காயவிடுதலும் பூட்டுதலும்

அரை மணி நேரத்தில் தொடக்கூடியதாக இருந்தாலும், 24 மணி நேரம் கழியாமல் பாகத்தை மீண்டும் வாகனத்தில் பூட்ட வேண்டாம். கிளிப்பை அழுத்தும்போது பெருவிரலின் அடையாளம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். மறுநாள், மறைவான ஓரத்தில் மாஸ்கிங் ரேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். ரேப்பில் நிறம் வராவிட்டால் பூட்டலாம். வந்தால் பூட்டிய பின் கழற்றுவதைவிட இப்போதே மீண்டும் செய்வது இலகு. பூட்டுவதற்கு முன், பலகையின் பின்புறத்தில் நிறத்தின் பெயரையும் குறியீட்டையும் பூசிய திகதியையும் மார்க்கர் பேனையால் எழுதிவையுங்கள். பின்னொரு நாள் கீறல் விழும்போது அது மிகவும் உதவும்.

முதல் ஒரு வாரத்துக்கு ஈரத்துணியைத் தவிர வேறெதனாலும் துடைக்க வேண்டாம். அதன் பின்னரும் சிலிக்கோன் பொலிஷைத் தவிர்த்து, நீரும் சிறிது சவர்க்காரமும் கொண்டு துடைத்தால் போதும். சேர்விஸுக்கு விடும்போது உட்பாகத்துக்குப் பொலிஷ் இடவேண்டாம் என்று சொல்லியே விடுங்கள். கோணேசர் கோவிலடியிலோ கடற்கரையிலோ நாள் முழுதும் நிறுத்தும்போது, முன் கண்ணாடிக்குள் ஒரு வெயில் மறைப்பை விரித்துவிடுங்கள். டின்னில் மிச்சமிருந்தால் தலைகீழாகப் பிடித்து நிறம் வராமல் வாயு மட்டும் வரும்வரை அழுத்தி வாயைச் சுத்தமாக்கி, வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். வெயிலில் பூட்டி நிற்கும் வாகனத்தின் உள்வெப்பம், இந்த டின்கள் தாங்கக்கூடிய 50 பாகை செல்சியஸை எளிதில் தாண்டிவிடும் என்பதால், கையுறைப் பெட்டிக்குள்ளோ சீற்றின் கீழோ ஒரு டின்னையும் விட்டுவைக்கக் கூடாது.